நெட்டா வழக்கும் பதினொரு பக்கமும்

டென்பி ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே உள்ள யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, "நெட்டா வழக்கில் நீ எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பதில் சொல்வார்கள். நெப்ராஸ்காவின் அந்த மூலையில் சோளத்தையும் மாட்டையும் விட்டால் பேச்சுக்கு இருப்பது நெட்டாதான். குற்றவாளி என்று ஓட்டுப் போட்டவனும் நிரபராதி என்று ஓட்டுப் போட்டவளும் கல்யாணம் செய்துகொண்டு, இருபது வருஷமாகச் சாப்பாட்டு மேசையில் மேல்முறையீடு நடத்திக்கொண்டிருக்கும் வீடுகள் அங்கே உண்டு. இத்தனைக்கும் நெட்டா என்று ஒருத்தி பிறக்கவே இல்லை. ஒரு நாவலில் வருகிறவள், அவ்வளவுதான்.

இந்தப் பைத்தியத்தை ஊருக்கு ஏற்றிவிட்டவள் கோரின் வாவ்ரா. 1993இல், இருபத்து நாலு வயதில், டென்பி உயர்நிலைப் பள்ளிக்கு ஆங்கிலம் நடத்த வந்தாள். ஆங்கில வகுப்பில் எந்த நாவலை நடத்துவது என்று பெரிய மூளைகள் கூடித் தீர்மானிப்பதாக நினைப்பவர்கள் ஒரு பள்ளியின் புத்தக அறையைப் பார்த்ததில்லை. எந்தப் புத்தகத்தில் ஒரு வகுப்புக்குப் போதுமான பிரதிகள் இருக்கின்றனவோ அதுதான் பாடம். கொதிகலன் அறையை ஒட்டிய அந்த இருட்டு அறையில், அட்டை கிழியாமல், முப்பத்து நாலு பிரதிகள் இருந்தது ஒரே ஒரு நாவலுக்குத்தான். 'நெட்டாவின் பை'. அதையும் யாரும் விரும்பி வாங்கவில்லை. அலுவலக எழுத்தர் ஒருத்தி ஆர்டர் படிவத்தில் ஒரு வரி தள்ளி எண்ணை எழுதிவிட்டாள். வந்த பெட்டியைத் திருப்பி அனுப்பச் சோம்பல்பட்டு உள்ளே தள்ளியிருந்தார்கள்.

கதை இதுதான். முதல் உலகப் போர்க் காலம். நெட்டா குதிரை வண்டியில் கிராமங்களுக்குத் தபால் கொண்டு போகிறவள். ஓர்ஃபா என்ற விதவையின் ஒரே மகன் போருக்குப் போயிருக்கிறான். ஒருநாள் பட்டாளத்திலிருந்து ஓர்ஃபாவுக்கு ஒரு கடிதம் வருகிறது. அந்த மாதிரி உறைகளை நெட்டா நிறையக் கொடுத்திருக்கிறாள். உள்ளே என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கொடுக்க மனம் வரவில்லை. பிரிக்காமலே அடுப்பில் போடுகிறாள். அதன்பிறகு இரண்டு வருஷம், மாதம் ஒரு கடிதம் மகன் எழுதுவதுபோல் தானே எழுதிக் கொண்டு போய்க் கொடுக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் ஓர்ஃபா சாகக் கிடக்கிறாள். "முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியும் நெட்டா. என் மகன் ஜென்மத்தில் மாட்டைப் பற்றி விசாரித்ததில்லை" என்கிறாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்கிறாள்: "நிஜமாக வந்த கடிதத்தில் அவனை எங்கே புதைத்தார்கள் என்று எழுதியிருந்ததா?" நெட்டாவிடம் பதில் இல்லை. அவள்தான் படிக்காமல் எரித்தவளாயிற்றே.

கோரினின் முதல் வருஷத்து மாணவர்கள் பாதிப் பேர் மாடு கறந்துவிட்டு வந்து வகுப்பில் தூங்குகிறவர்கள். அந்த அத்தியாயத்தைப் படித்து முடித்த அன்று கடைசி வரிசையிலிருந்து வேட் ஹ்ரூபி என்ற பதினாறு வயது முரடன் எழுந்தான். அவன் அம்மா ஊரில் தபால்காரி.

"எங்கம்மா இப்படிச் செஞ்சா ஜெயிலுக்குப் போவாங்க! இவளைப் போயி நல்லவங்கிறீங்களே!" என்று கத்தினான்.

முன் வரிசைப் பெண் திரும்பி, "உனக்கு மனசுன்னு ஒண்ணு இருந்தாத்தானே தெரியும்!" என்றாள்.

மணி அடித்தும் யாரும் எழுந்து போகவில்லை. மறுவாரம் உடற்பயிற்சிக் கூடத்தில் மேசை போட்டு, ஒருவனை நீதிபதியாக உட்காரவைத்து, நெட்டாவை விசாரித்தார்கள். தீர்ப்பைப் புத்தக அறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் கோரின் எழுதினாள்: 1993, குற்றவாளி 15, நிரபராதி 13. அன்றிலிருந்து வருஷா வருஷம் பதினோராம் வகுப்பு வந்தால் நெட்டா வழக்கு. கதவில் முப்பத்தொரு வரிகள் சேர்ந்துவிட்டன. கோரின் எந்தப் பக்கம் என்று மட்டும் ஊருக்குத் தெரியாது. கேட்டால், "நான் ஜூரி இல்லப்பா, கதவுல எழுதுற குமாஸ்தா" என்பாள். உள்ளுக்குள் அவள் எப்போதும் நிரபராதிப் பக்கம்தான்.

இந்தக் கதவைத்தான் இழுத்து மூட வந்தார் கிரெய்க் லிண்ட்வால்.

லிண்ட்வால் ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கப் புதிதாக வந்த சூப்பிரண்டெண்ட். ஒமாஹாவிலிருந்து வந்தவர். ஆகஸ்டில், பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம், ஆசிரியர்களைக் கூட்டி ஒரு பாடத் தொகுப்பை அறிமுகப்படுத்தினார். ஐந்து வருஷ ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டது. இனி முழு நாவல் கிடையாது. நாற்பது நாவல்களிலிருந்து நாற்பது துண்டுகள், ஒவ்வொன்றின் அடியிலும் பத்துக் கேள்விகள், ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடைகள். டென்பிக்காரர்களைச் சமாதானப்படுத்த, தொகுப்புக் கம்பெனியிடம் தனியாகச் சொல்லி, 'நெட்டாவின் பை'யையும் சேர்க்க வைத்திருந்தார். முதல் பதினொரு பக்கம்.

"பதினொரு பக்கத்துல நெட்டா கடிதத்தைத் தொடவே மாட்டாளே!" என்றாள் கோரின்.

"அது பரவாயில்ல மிஸஸ் வாவ்ரா. கதை முக்கியமில்ல, திறன்தான் முக்கியம். ஒரு நாவலுக்கு ஆறு வாரம் செலவழிக்கிறீங்க. அந்த ஆறு வாரத்துல இருபத்து நாலு திறன் அளக்கலாம்."

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமைக்கிறவளுக்குச் சொன்னது. பதம் பார்த்த ஒரு சோற்றை இலையில் வைத்து, சாப்பாடு ஆயிற்று, எழுந்து கை கழுவு என்று சொல்கிற வீட்டை என்னவென்று சொல்வது? அந்த மனிதர் அதைத்தான் செய்தார், அதுவும் சிரித்த முகத்தோடு. முப்பத்து நாலு பிரதிகளும் ஒரு மரப்பலகைமேல் அடுக்கப்பட்டு, பிளாஸ்டிக் சுற்றப்பட்டு, கொதிகலன் அறைக்குப் போயின. கிறிஸ்துமஸ் விடுமுறையில் குப்பைக்குப் போக வேண்டியவை. தொகுப்புக்கு வெளியே எதையும் மாணவர்கள் கையில் கொடுக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு வந்தது.

கோரின் என்ன செய்தாள்? கத்தினாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருஷம். புருஷன் போன பிறகு வீட்டில் பேச்சுத்துணை ஒரு பழைய நாய்தான். நமக்கு எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டு, எட்டு வாரம் துண்டு துண்டாகப் பாடம் நடத்தினாள். மத்தியானம் ஆசிரியர் அறையில், ரன்சா என்று அந்த ஊரில் சொல்கிற இறைச்சி ரொட்டியைக் கடித்துக்கொண்டே துண்டுகளைத் திட்டுவாள். மணி அடித்ததும் போய் அதையே நடத்துவாள். அந்த எட்டு வாரத்துக்காக அவள் பின்னால் தன்னை மன்னிக்கவே இல்லை.

அக்டோபரில், மாநிலம் முழுக்க அந்தத் தொகுப்பை வாங்கிய பள்ளிகளுக்கெல்லாம் கம்பெனியின் தேர்வு வந்தது. பதினோராம் வகுப்பில் முப்பத்து மூன்று பேர். நெட்டா துண்டில், அவள் குதிரை வழுக்கி விழுந்தபின், பனியில் நாலு மைல் நடந்துபோய் ஒரு விதைக் கடைப் பட்டியலை ஒரு விவசாயியிடம் சேர்க்கிறாள். ஏழாவது கேள்வி: 'இதிலிருந்து நெட்டாவைப் பற்றி என்ன ஊகிக்கலாம்?' இரண்டாவது விடை: இரக்கப்பட்டால் கடமையை மீறக்கூடியவள். மூன்றாவது விடை: தன்னிடம் ஒப்படைத்த எதையும் ஒருநாளும் சேர்க்காமல் விடமாட்டாள். கம்பெனியின் விடைத்தாளில் சரியான விடை மூன்றாவது!

நாவலை எழுதியவர் கல்லறையில் புரண்டிருப்பார். மாநிலம் முழுக்க நூற்றுக்கு எண்பத்தொரு பேர் மூன்றாவது விடையைக் குறித்தார்கள். டென்பியில் முப்பத்து இரண்டு பேர் இரண்டாவதைக் குறித்திருந்தார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பிள்ளைகள் யாரும் நாவலைப் படித்திருக்கவில்லை. ஆனால் முப்பத்து இரண்டு பேருக்கும் அவள் கடிதத்தை எரித்தவள் என்பது தொட்டிலிலிருந்தே தெரியும். அப்பா குற்றவாளி, அம்மா நிரபராதி என்று தட்டு பறந்த வீடுகளில் வளர்ந்தவர்கள்.

லிண்ட்வால் மதிப்பெண் வரைபடத்தோடு கோரினின் அறைக்கு வந்தார்.

"உத்தரவை மீறி முழு நாவலையும் நடத்தியிருக்கீங்க."

"நடத்தியிருந்தா ஒத்துக்குவேன். அந்தத் தைரியம் எனக்கு இல்லாமப் போச்சு. பிள்ளைங்க சொன்னதுதான் சரியான விடை. உங்க விடைத்தாள் தப்பு."

"விடைத்தாள் எப்படித் தப்பாகும்?"

"கடைசி வரைக்கும் படிங்க, தெரியும். நீங்க படிச்சிருக்கீங்களா?"

"எனக்குக் கொடுத்த பகுதியைப் படிச்சேன்" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

மறுநாள் உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம் போட்டார். எந்த இடத்தில் முப்பத்தொரு தடவை வழக்கு நடந்ததோ அதே இடத்தில். எல்லாக் கேள்விகளுக்கும் சரியாக விடையளித்த ஒரே மாணவி என்று யாரெலி பினேடாவை மேடைக்குக் கூப்பிட்டார். யாரெலியின் அப்பாவும் அம்மாவும் இறைச்சி ஆலையில் வேலை செய்கிறவர்கள். மெக்சிகோவிலிருந்து வந்து மூன்று வருஷம். அவள் சான்றிதழையும் ஓசிப் பீட்சா சீட்டையும் வாங்கிக்கொண்டு சிரித்தபடி இறங்கினாள். பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நெட்டாவைப் போயி யோக்கியம்னு நம்பியிருக்கா பாரு!"

"ஏய், உங்க வீட்ல யாரும் சொல்லலையா?"

கேட்ட பையன் கெட்டவன் இல்லை. அவனுக்கு நிஜமாகவே ஆச்சரியம். ஆனால் அந்தக் கேள்வி போய்த் தைத்த இடம் அவனுக்குத் தெரியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யாரெலி கோரினின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. அழுத சிவப்பு இல்லை, கோபச் சிவப்பு.

"அவ அந்தக் கடிதத்தை என்ன செஞ்சா மிஸஸ் வாவ்ரா?"

"யாரெலி..."

"எல்லாருக்கும் தெரியுது. பஸ் டிரைவருக்குக் கூடத் தெரியுது. எனக்கு மட்டும் பதினொரு பக்கம். எங்க வீட்ல அதைப் படிச்சவங்க யாரும் இல்ல. அதுக்குத்தானே பள்ளிக்கூடம் இருக்கு? நீங்க ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு..."

"உத்தரவா?"

கோரின் துண்டுகளைத் திட்டினாளே தவிர, அந்தத் துண்டு யார் வயிற்றில் அடிக்கிறது என்று எட்டு வாரத்தில் ஒருநாளாவது யோசித்தாளா? மற்ற முப்பத்து இரண்டு பேருக்கும் மிச்சக் கதை வீட்டில் கிடைத்துவிடும். இந்தப் பெண்ணுக்குப் புத்தகம் ஒன்றுதான் வழி. அதற்குத்தான் பிளாஸ்டிக் சுற்றி வைத்தாயிற்று. கோரின் எழுந்து கொதிகலன் அறைக்குப் போனாள். கார் சாவியால் பிளாஸ்டிக்கைக் கிழித்து ஒரு பிரதியை உருவிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீயே படி. முடிவை யார் சொல்ல வந்தாலும் காதைப் பொத்திக்கோ."

யாரெலி அதை மறைத்துப் படிக்கவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைமேல் விரித்துவைத்துப் படித்தாள். மூன்றாம் நாள் கோரின் கையில் கடிதம் வந்தது: வரும் திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்குப் பள்ளி வாரியத்தின் முன் ஆஜராக வேண்டும், உத்தரவு மீறியதற்கு விளக்கம் தர வேண்டும்.

வாரியத்தில் ஏழு பேர். சம்பளமில்லாத வேலை. விவசாயி, தானியக் கிடங்கு மேலாளர், பல் டாக்டரிடம் வரவேற்பில் இருப்பவள் இப்படி ஊர்க்காரர்கள்தான். ஏழு பேரும் கோரினிடம் படித்தவர்கள். தலைவர் யார் தெரியுமா? அன்றைக்கு எழுந்து கத்தினானே, அதே வேட் ஹ்ரூபி. இப்போது நாற்பத்தேழு வயது, தொப்பை, விதை வியாபாரம்.

லிண்ட்வால் வரைபடத்தைத் திரையில் போட்டார். ஏழாவது கேள்வியில் டென்பியின் கோடு படுகுழியில் கிடந்தது.

"மூணாவது விடையா சரி?" என்றாள் வரவேற்புக்காரி. "அவதான் எரிச்சாளே!"

"எரிச்சாலும் இரக்கத்துல எரிச்சா" என்றார் கிடங்கு மேலாளர்.

"என்னய்யா இரக்கம்? மகனோட குழி எங்கன்னு தெரியாம ஒருத்தி செத்தா!" என்று வேட் மேசையைத் தட்டினான். "எங்கம்மா முப்பது வருஷம் தபால் கொடுத்தாங்க..."

"உங்கம்மா கதைய ஆரம்பிச்சிடாத, வேட்" என்றார் மேலாளர். " அந்த ரெண்டு வருஷம் ஓர்ஃபா உயிரோட இருந்ததே அந்தக் கடிதங்களாலதான்."

"அதுதான் அவளுக்கு முதல்லயே தெரியுமே!"

"தெரிஞ்சும் வாங்கினாளே! ஏன் வாங்கினா? சொல்லு பார்ப்போம்!"

இருபது நிமிஷம் போயிற்று. லிண்ட்வால் தொண்டையைக் கனைத்தார். ஒருவரும் சட்டை செய்யவில்லை. கோரினுக்கு நம்பிக்கை பிறந்தது. முப்பது வருஷம் கழித்தும் மேசையைத் தட்டுகிறார்களே, இவர்களா இதைக் குப்பையில் போட விடுவார்கள் என்று நினைத்தாள்.

பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிஷம். யாரெலி எழுந்தாள். அவளுடைய அப்பா ஆலைச் சீருடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நான் முழுசாப் படிச்சேன்" என்றாள். கையில் அந்தச் சான்றிதழ் இருந்தது. "நெட்டா கெட்டவ இல்ல. ஓர்ஃபாவால தாங்க முடியாதுன்னு அவளே முடிவு பண்ணிட்டா. ஓர்ஃபாவைக் கேட்டாளா? அந்த உறை மேல ஓர்ஃபா பேர் இருந்துச்சு. நீங்களும் அப்படித்தான். ஏழு பேரும் முழுசாப் படிச்சிருக்கீங்க. இப்ப இருபது நிமிஷம் சண்டை போட்டீங்க, பார்க்க எனக்குப் பொறாமையா இருந்துச்சு. எனக்குப் பதினொரு பக்கம் போதும்னு முடிவு பண்ணிட்டீங்க. எனக்கு எதுவும் தெரியாததால என் விடை சரியாம். அதுக்கு ஒரு பரிசு."

சான்றிதழை லிண்ட்வாலின் கணினிமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

முப்பத்தொரு வருஷமாக நிரபராதி என்று மனசுக்குள் ஓட்டுப் போட்ட கோரின், அந்த நாற்காலியிலேயே கட்சி மாறினாள். நெட்டா குற்றவாளி. நானும்தான்.

பிறகு வாக்கெடுப்பு. தொகுப்பு தொடரட்டும், ஆசிரியைக்கு எச்சரிக்கைக் கடிதம் என்பது தீர்மானம். மூன்று பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. தலைவர் பாக்கி. வேட் யாரையும் பார்க்காமல், "ஆதரவு" என்றான்.

வெளியே, வண்டிகள் நிற்கும் இடத்தில், அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"மிஸஸ் வாவ்ரா, தப்பா நினைக்காதீங்க. ஒப்பந்தம் அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்தாயிடுச்சு. முறிச்சா வம்பு. அந்தப் பொண்ணு பேசினது என்னமோ பண்ணிடுச்சு, சத்தியமா. அவளுக்கு வேணும்னா அந்த ஒரு பிரதிய வச்சிக்கச் சொல்லுங்க."

"ஒரு பிரதியா? அவ யாரோட சண்டை போடுவா வேட்? சுவத்தோடயா?" கோரினின் குரல் ரோடு வரை கேட்டது. "தொண்ணூத்தி மூணுல நீ என்ன ஓட்டுப் போட்ட?"

"குற்றவாளி."

"எதுக்கு?"

அவன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பினான்.

"அடுத்தவங்க கடிதத்தை நிறுத்தினதுக்கு. பதினாறு வயசுல உனக்கு இருந்த புத்தி நாப்பத்தேழுல எங்கடா போச்சு?"

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கோரின் முதல் வேலையாகப் புத்தக அறைக்குப் போய் அலமாரிக் கதவைத் திறந்தாள். கடைசி வரிக்குக் கீழே எழுதினாள்: 2024, வழக்கு நடக்கவில்லை. கடிதம் உரியவரிடம் சேரவில்லை. தடுத்தவர்கள்: கோரின் வாவ்ரா, எட்டு வாரம். அதன்கீழே ஆதரவு என்று சொன்ன நாலு பேரையும் முழுப் பெயரோடு எழுதினாள். வேட் ஹ்ரூபியின் பெயரை எழுதும்போது பேனா கதவில் கீறியது.

பிறகு மரப்பலகையைத் தள்ளுவண்டியில் ஏற்றி, நடைவழியெல்லாம் கடகடவென்று சத்தம் வர, பதினோராம் வகுப்புக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஒவ்வொரு பிரதியின் முன்பக்கத்திலும் வழக்கமான அச்சுக் கட்டத்தில், வருஷா வருஷம் படித்தவர்களின் பெயர்களுக்குக் கீழே, ஒரு புதுப் பெயர் எழுதியிருந்தது. கதவருகே நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். வந்து வாங்கிக்கொண்டார்கள். அப்பாவின் பெயரைத் தன் பிரதியில் பார்த்துவிட்டு ஒருவன் உரக்கச் சிரித்தான். யாரெலி தன் பிரதியைத் தூக்கிக் காட்டி, "எனக்கு ஏற்கெனவே வந்துடுச்சு" என்றாள்.

சத்தம் கேட்டு லிண்ட்வால் வந்துவிட்டார்.

"மிஸஸ் வாவ்ரா! நேத்துத்தான் தீர்மானம் ஆச்சு. என்ன இது?"

"பாடம் நடத்தலையே. தபால் கொடுக்கறேன்."

"இதுக்கு அடுத்து எச்சரிக்கைக் கடிதம் இருக்காது. வேற கடிதம்தான் வரும்."

"வரட்டும். என் பேர்ல வந்தா என் கையில கொடுங்க. அடுப்புல போட்டுடாதீங்க."

வகுப்பு சிரித்தது. லிண்ட்வாலுக்கு ஏன் என்று புரியவில்லை. அது எப்படிப் புரியும்? தள்ளுவண்டியில் கடைசிப் பிரதி, முப்பத்து நாலாவது, மிச்சமிருந்தது. கோரின் அதை எடுத்து முன்பக்கத்தைத் திறந்து பார்த்து, "கிரெய்க் லிண்ட்வால்" என்று படித்தாள். புத்தகத்தை நீட்டினாள்.

அவர் கை நீட்டவில்லை. ஆள் வாங்காத தபாலை அந்த ஊரில் வாசலில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். கோரின் குனிந்து, அதை அவர் காலடியில் வைத்துவிட்டு, வகுப்புக் கதவைச் சாத்தினாள்.